ஒருவரையும் கேட்காமல் நீலம் நான்குக்கு

எங்கள் பங்குத் தமிழ்ப் பள்ளியின் பெரிய பிள்ளைகள் இம்முறை கிறிஸ்மஸ் ஒளிவிழாவுக்கு மண்டபம் முழுவதும் வழிகாட்டித் தாள்கள் ஒட்டியிருந்தார்கள். கணினியில் செய்து வண்ணத்தில் அச்சடித்தவை. ஒவ்வொரு தாளிலும் ஒவ்வொரு எழுத்து வடிவம். அம்புக்குறிகளுக்கு நிழல் இருந்தது, வளைவு இருந்தது, ஒன்றுக்கு நுனியில் நட்சத்திரமும் இருந்தது. வந்தவர்கள் தாள்களை நன்றாக ரசித்துவிட்டு, கழிப்பறை எந்தப் பக்கம் என்று அருகில் நின்ற பிள்ளைகளைக் கேட்டார்கள். விழா முடிந்ததும் அதே பிள்ளைகள் என்னிடம் வந்து, நீங்கள் இந்த வேலை செய்து ஓய்வு பெற்றவர்தானே, பங்கு மலருக்கு அதைப் பற்றி எழுதித் தாருங்கள் என்றார்கள்.

ஓய்வு பெற்றவள்தான். வயது முப்பத்திமூன்று. இரட்டைப் பிள்ளைகள் பிறந்த பிறகு பட்டறைக்குப் போவதை நிறுத்தினேன். அதை ஓய்வு என்று முதலில் சொன்னவர் என் கணவர். ஒரு கிழமை வீட்டில் நின்று பார்த்தபின் அவர் அந்தச் சொல்லைப் பாவிப்பதில்லை.

படித்த கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். யாழ்ப்பாணத்தில் தொழில்நுட்பக் கல்லூரி, படவரைஞர் பயிற்சி, பிறகு சண்டை, பிறகு பலேர்மோ. இங்கே பொலிதேயாமாப் பக்கம் ஒரு சிஞ்ஞோராவின், அதாவது ஓர் இத்தாலிய அம்மணியின், வீட்டில் வேலை. எனக்குப் பட்டியல் போடாவிட்டால் நித்திரை வராது. அவருடைய சமையலறை அலுமாரிகளை அளந்து படம் வரைந்து, எந்தத் தட்டில் எது இருக்கிறது என்று குறித்துக் கதவின் உட்பக்கம் ஒட்டினேன். சிஞ்ஞோரா அதை நெடுநேரம் பார்த்தார். தன் தம்பிக்கும் இதே வியாதிதான் என்று சொல்லி, சீசா என்ற பகுதியில் இருந்த அவருடைய வழிகாட்டிப் பலகைப் பட்டறைக்கு என்னை அனுப்பினார். அன்றிலிருந்து காலையில் அக்காவின் வீடு, பின்னேரம் தம்பியின் பட்டறை.

தம்பியை எல்லோரும் ஜியோமெத்ரா என்று கூப்பிட்டார்கள். நில அளவை படித்தவர்களுக்கு இத்தாலியில் அது பட்டம் மாதிரி. கல்யாணம் செய்யாதவர், பட்டறைக்கு மேல்மாடியில் தனியாக இருந்தார். மிலானில் சுரங்க ரயில் தொடங்கிய காலத்தில் இளைஞராக அங்கே பலகை பொருத்தப் போனவர். ஒரு நிலையத்தின் பெயரை ஒரே ஒருமுறை பெரிதாக எழுதாமல், சுவர் நெடுக ஒரு பட்டியில் திரும்பத் திரும்ப எழுதினார்கள் என்றும், ரயில் எந்த இடத்தில் நின்றாலும் எந்த யன்னலிலிருந்தும் பெயர் தெரிந்தது என்றும் சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கும். மற்றவர்களுக்கு முதல் காதல் நினைவுக்கு வந்தால் இப்படி இருக்கும் என்று நினைக்கிறேன்.

கடைக்குப் பெயர் எழுதுவதும் தெருவுக்குக் கல்லில் பெயர் வெட்டுவதும் பழைய வேலைகள் என்பார். முன்பின் தெரியாத ஒருவரை, துணைக்கு ஆளில்லாமல், ஒரு வாசலிலிருந்து இன்னொரு வாசலுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் பலகை புதியது. மனிதன் நின்று வழி கேட்க முடியாத வேகத்தில் போகத் தொடங்கியபோதுதான் அதற்குத் தேவை வந்தது. நெடுஞ்சாலையில் காரை நிறுத்தி யாரைக் கேட்பது? அதனால்தான் ஆங்கிலேயர்கள் தங்கள் சாலைப் பலகைகளில் முழுவதும் பெரிய எழுத்தாக இருந்ததை மாற்றி, சிறிய எழுத்தையும் கலந்தார்கள். தூரத்திலிருந்து வருபவர் எழுத்துக் கூட்டி வாசிப்பதில்லை, சொல்லின் உருவத்தைப் பார்க்கிறார். டோக்கியோவில் ஒலிம்பிக் நடந்தபோது, வந்திறங்கும் உலகத்துக்கு யப்பானிய எழுத்து தெரியாது என்று எல்லாவற்றுக்கும் சின்னச் சின்னப் படங்கள் செய்தார்கள். விமான நிலையங்கள் அதைப் பிடித்துக்கொண்டன. ஜியோமெத்ராவின் கணக்கில், ஒருவரையும் கேட்க முடியாத இடங்களில்தான் இந்தத் தொழில் பிறந்தது. பலேர்மோவில் ஒருவரை வழி கேட்டால் மூன்று பேர் பதில் சொல்வார்கள். பிறகு அவர்களுக்குள் வாக்குவாதம் வரும். கேட்டவர் மெல்ல நழுவவேண்டியதுதான். அப்படிப்பட்ட ஊரில் பலகைப் பட்டறை நடத்துவது மீனுக்குக் குடை விற்பது மாதிரி என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

அவர் ஒருநாளும் பிழை என்று சொன்னதில்லை. நான் செய்த மாதிரிப் பலகையைச் சுவரில் மாட்டி, பட்டறையின் மறுகோடிக்குப் போய், மூக்குக் கண்ணாடியைக் கழற்றுவார். கண்ணாடி இல்லாவிட்டால் அவருக்குத் தன் கையே மங்கல். அந்த நிலையில் அவரால் வாசிக்க முடிந்தால் பலகை தேறியது. முடியாவிட்டால், "மாட்சிமை தங்கியவரே, இங்கே மூடுபனியாக இருக்கிறது" என்பார். என் பெயர் றெஜினா. இத்தாலியர்களுக்கு அது அரசி. வேலை சரியாக இருந்த நாட்களில் றெஜினா, பிழை விட்ட நாட்களில் மாட்சிமை. முதல் வருடம் நான் பெரும்பாலும் சிம்மாசனத்தில்தான் இருந்தேன்.

பிறகு அந்த மருத்துவமனை வேலை கிடைத்தது. பெயர் வேண்டாம். தோட்டத்துக்குள் தனித்தனிக் கட்டடங்களாகப் பரந்து, இடையிடையே நடைகூடங்களால் இணைத்த பழைய மருத்துவமனை. உள்ளே ஒவ்வொரு காலத்தில் ஒவ்வொருவர் எழுதிய பலகைகள். பெரிய டாக்டர்களின் பெயர்கள் பெரிதாகவும் பிரிவுகளின் பெயர்கள் சிறிதாகவும் இருந்தன. நோயாளிக்கு டாக்டரின் பெயர் தெரியும், தன் வருத்தத்தின் இத்தாலியப் பெயர் தெரியாது என்று யாராவது வாதாடலாம். ஜியோமெத்ரா எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார். ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒரு நிறம், அதற்குள் ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு இலக்கம். எக்ஸ்றேப் பிரிவு நீலம் நான்கு.

வேலை முறை இதுதான். முதலில் கட்டடத்தை நடந்து, வழி இரண்டாகப் பிரியும் இடங்களை எல்லாம் வரைபடத்தில் குறிப்போம். அந்த இடங்களில் மட்டும்தான் மனிதருக்குப் பலகை வேண்டும்; மற்ற இடங்களில் தைரியம் வேண்டும், அதற்கு நிறப்பட்டி. பிறகு ஒவ்வொரு பலகையையும் உண்மையான அளவில் தாளில் வெட்டி, ஒட்டுநாடாவால் சுவரில் ஒட்டிப் பார்ப்போம். யன்னல் வெளிச்சம் பட்டுப் பளபளக்கிறதா, திறந்த கதவு மறைக்கிறதா, தள்ளுவண்டியில் படுத்திருப்பவருக்குத் தெரிகிறதா என்று பார்ப்போம். கடைசியில் நடைப் பரீட்சை. இத்தாலியன் வாசிக்கத் தெரியாத ஒருவரிடம் நிறத்தையும் இலக்கத்தையும் ஒரு துண்டில் எழுதிக் கொடுத்து, வாசலில் விட்டுவிடுவோம். ஒருவரையும் கேட்கக் கூடாது. பின்னால் யாராவது தொடர்ந்தால் ஆட்கள் வெட்கப்பட்டு நடையை மாற்றுவார்கள் என்று, நான் போய்ச் சேரும் இடத்தில் காத்திருப்பேன். வந்ததும் அவர்களோடு திரும்ப நடந்து, எங்கே தயங்கினீர்கள் என்று கேட்டு, அந்த இடத்தில் தரையில் சுண்ணக்கட்டியால் புள்ளி வைப்பேன்.

இத்தாலியன் வாசிக்கத் தெரியாதவர்களை எங்கே தேடுவது என்று ஜியோமெத்ரா கேட்டார். எங்கள் பங்கில் தேடலாம் என்றேன். பூசை முடிந்ததும் முற்றத்தில் ஆட்களைச் சேர்த்தேன். முதலில் வந்தவர் பிலோமினா அக்கா. மன்னார்ப் பக்கம். சிஞ்ஞோராமாரோடு வாயால் வெளுத்துவாங்குவார், எழுத்து என்றால் ஒன்றும் தெரியாது. பரீட்சைக்குப் பிறகு ஆளுக்கொரு ஐஸ்கிறீம் என்றதும் அவர் தன் தோழிமாரையும் கூட்டிவந்தார். ஐஸ்கிறீமைப் பாண் ரொட்டிக்குள் வைத்துத் தின்னும் இந்த ஊர்ச் சனத்துக்கு என்ன வழி சொன்னாலும் விளங்குமோ என்பது அவருடைய கவலை.

பரீட்சை பிரமாதம். ஒவ்வொருவராக வந்தார்கள், நேராக நீலம் நான்குக்கே வந்தார்கள். எங்கே தயங்கினீர்கள் என்று கேட்டால், ஓரிடத்திலும் இல்லை என்றார்கள். தரையில் ஒரு புள்ளிகூட விழவில்லை. இப்படி ஒரு முடிவு மிலானில்கூட வந்ததில்லை என்று ஜியோமெத்ரா அன்று முழுவதும் என்னை றெஜினா என்றே கூப்பிட்டார். உண்மையான பலகைகளை வெட்டக் கொடுத்துவிட்டோம். சுவரில் பொருத்தியும் முடிந்தது. மருத்துவமனைக் குழு வந்து நடந்து பார்த்து, ஏற்புத்தாளில் கையெழுத்து வைப்பதுதான் மிச்சம்.

அந்தக் கையெழுத்தில்தான் நானும் தொங்கிக்கொண்டிருந்தேன். சிஞ்ஞோரா கோடை முடிந்ததும் ரோமில் மகளோடு போயிருக்கத் தீர்மானித்துவிட்டார். என் பெர்மெசோ, அதாவது இங்கே இருப்பதற்கான அனுமதி, அவருடைய வீட்டு வேலையின்பேரில் எடுத்தது. இலையுதிர் காலத்தில் அது முடிகிறது. குவெஸ்தூராவில், அதாவது காவல்துறைத் தலைமையகத்தில், புதுப்பிக்கப் போகும்போது கையில் ஒரு வேலை ஒப்பந்தம் இருக்கவேண்டும். என்னைப் படவரைஞராகப் பட்டறைக்கு எடுப்பதாக ஜியோமெத்ரா சொல்லியிருந்தார். ஆனால் மருத்துவமனை ஏற்புத்தாள் வராமல் புதிதாக ஆள் எடுக்க அவருடைய கணக்காளர் சம்மதிக்கமாட்டார். ஆகவே குழு நடக்கவேண்டும், கையெழுத்து விழவேண்டும், எனக்கு ஒப்பந்தம் வரவேண்டும். இந்த மூன்றும் இதே ஒழுங்கில் நடந்தால் நான் தப்பினேன்.

இந்த நேரத்தில்தான் பிலோமினா அக்கா மாதாம் வீராபென்னைக் கூட்டிவந்தார். இருவரும் ஒரே மாடிக் குடியிருப்பில் வேலை செய்பவர்கள். மாதாம் மொரிசியஸ்காரி. அவருடைய பெயர் எங்கள் எல்லோருடைய பெயரையும்விடத் தமிழ். ஆனால் அவருக்குத் தமிழ் ஒரு சொல்லும் வராது, பேசுவது பிரெஞ்சு. பரீட்சை முடிந்துவிட்டது, பிரெஞ்சு வாசிப்பவருக்கு இத்தாலியன் பாதி விளங்கும், அதனால் அவர் கணக்கில் வரமாட்டார் என்று எடுத்துச் சொன்னேன். வந்த மனுசி ஒருக்கால் நடந்து பாக்கட்டுமே, ஐஸ்கிறீம் நான் வாங்கிக் குடுக்கிறன் என்றார் பிலோமினா அக்கா. சரி என்று துண்டைக் கொடுத்துவிட்டு, அக்காவும் நானும் நீலம் நான்கின் வாசலில் காத்திருந்தோம்.

மாதாம் வரவில்லை. எக்ஸ்றே எடுக்க வந்த ஆட்கள் எடுத்துவிட்டுப் போனார்கள். அப்போதும் வரவில்லை. தேடிக்கொண்டு போனோம். நடைகூடம் பிரியும் இடத்தில், படிக்கட்டின் மேலிருந்து ஒரு கன்னியாஸ்திரியோடு இறங்கிவந்தார், கையில் ஒரு பிஸ்கட். மாடியில் கன்னியாஸ்திரிகளின் இருப்பிடம். கோப்பி கொடுத்து உபசரித்திருக்கிறார்கள். ஏன் மேலே போனீர்கள் என்று இத்தாலியனில் கேட்டேன். அம்பு மேலே போகச் சொன்னதே என்றார்.

பலகையைப் பார்த்தேன். நானே வரைந்த பலகை. மேல்நோக்கிய அம்பு, நீலம் நான்கு. எங்கள் தொழிலில் மேல்நோக்கிய அம்பு என்றால் நேரே போ என்று அர்த்தம். ஆனால் அதற்குப் பக்கத்திலேயே, வா வா என்று ஒரு படிக்கட்டு. வரைபடத்தில் படிக்கட்டு வெறும் கோடுகள், எழுந்து நிற்பதில்லை. இங்கே அது எழுந்து நின்றது. இந்த அம்பையும் இந்தப் படிக்கட்டையும் சேர்த்துப் பார்க்கிற எவரும் ஏறத்தான் செய்வார்கள்.

நான் பிலோமினா அக்காவின் பக்கம் திரும்பினேன்.

"அக்கா, நீங்கள் ஏன் இதிலை ஏறேல்லை?"

"ஏறினனான் பிள்ளை. ரெண்டு படி ஏற, மரியதாஸ் தம்பி கூப்பிட்டார்."

"ஒருத்தரையும் கேக்கக் கூடாது எண்டு சொன்னனான் எல்லோ?"

"நான் எங்கை கேட்டனான்? அவர்தானே சொன்னவர்."

மரியதாஸ் அண்ணை அங்கேயே நின்றார், கையில் தும்புத்தடியோடு. தீவுப்பக்கத்து ஆள். அந்த மருத்துவமனையைத் துப்புரவு செய்த குழுவில் முக்கால்வாசியும் எங்கள் பங்குச் சனம்தான். அவர் அவர்களுக்குத் தலைவர். இதை நான் அறிந்திருந்தேன். அறிந்தும் அதைக் கணக்கில் சேர்க்க எனக்குத் தோன்றவில்லை, ஏனென்றால் அவர்கள் வரைபடத்தில் இல்லை.

"அக்காமார் ஒவ்வொருத்தரா அந்தப் படியிலை ஏறுகினம்," என்றார் மரியதாஸ் அண்ணை. "தெரிஞ்ச சனம் முழிசிக்கொண்டு போகேக்கை நான் பாத்துக்கொண்டு நிக்கிறதோ? பிறகு கோயிலடியிலை என்ன கதைப்பினம்?"

"அப்ப மாதாமை ஏன் விட்டனீங்கள்?"

"விடேல்லையே. எங்கை போறியள் எண்டு வடிவாக் கேட்டனான். சிரிச்சுப்போட்டு மேலை போட்டா. சரி, சிஸ்டர்மாரிட்டை ஏதோ அலுவலாக்கும் எண்டு விட்டிட்டன்."

விசாரித்துப் பார்த்ததில் படிக்கட்டு மட்டும் அல்ல. வாசலில் ஒருவர், தோட்டத்து முனையில் ஒருவர், கடைசித் திருப்பத்தில் ஒருவர் என்று எங்கள் அக்காமார் கைமாறிக் கைமாறி நீலம் நான்குக்கு வந்திருக்கிறார்கள். கடைசித் திருப்பத்தில் நின்ற பிள்ளை ஒரு அக்காவின் பையையும் தூக்கிக்கொண்டு வந்ததாம். மிலானில் வராத முடிவு இங்கே வந்ததற்குக் காரணம் அதுதான்.

அன்று பின்னேரம் சீசாவுக்குப் பேருந்தில் போகும்போது மனதுக்குள் இரண்டு பட்டியல் போட்டேன். சொன்னால் என்ன நடக்கும், சொல்லாவிட்டால் என்ன நடக்கும். சொல்லாவிட்டால் ஒன்றும் நடக்காது. குழுவில் வருபவர்கள் அந்த மருத்துவமனையிலேயே நரைத்தவர்கள். கண்ணைக் கட்டிவிட்டாலும் நீலம் நான்குக்குப் போவார்கள். அவர்கள் படிக்கட்டில் ஏறப் போவதில்லை. கையெழுத்து விழும். சொன்னால், பலகை கழற்றவேண்டும், புதிதாக வெட்டவேண்டும், பரீட்சை திரும்ப வைக்கவேண்டும், அதற்குள் என் திகதி போய்விடும். பேருந்து பட்டறைக்கு முன்னால் நின்றபோது முதலாவது பட்டியல் நீளமாகவும் இரண்டாவது வெறுமையாகவும் இருந்தது. ஆனால் இரண்டாவதில் யாரோ ஒரு வயதான மனுசி, கால் உடைந்த மனுசி, அந்தப் படிக்கட்டில் ஏறிக்கொண்டே இருந்தார். அவரை இறக்க எனக்கு வழி தெரியவில்லை.

உள்ளே போய்ச் சொன்னேன். ஜியோமெத்ரா கண்ணாடியைக் கழற்றவில்லை, மாட்சிமை என்றும் சொல்லவில்லை. மரியதாஸ் அண்ணையின் பகுதியில் மட்டும் அவருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். பிறகு என் பெர்மெசோ எப்போது முடிகிறது என்று கேட்டார். அவருக்குத் தெரியும். நான் திகதியைச் சொன்னேன். குழு அந்தப் படிக்கட்டில் ஏறாது என்றார். அதுவும் தெரியும் என்றேன்.

"இதை உங்களுக்கும் எனக்கும் தவிர வேறு யாருக்குத் தெரியும்?"

"மாதாமுக்கு. கன்னியாஸ்திரிகளுக்கு. இன்னும் யார் யார் ஏறுவார்களோ, அவர்களுக்கு."

அவர் எழுந்து மருத்துவமனைக்குத் தொலைபேசி எடுத்து, குழுவின் வருகையைத் தள்ளிவைக்கச் சொன்னார். பலகையைப் படிக்கட்டிலிருந்து எடுத்து, அதற்கு அப்பால் நடைகூடத்தின் கூரையில் தொங்கவிடுவது என்று அன்றே முடிவாயிற்று. படிக்கட்டின் பக்கத்தில் அம்பே கிடையாது. நீலப் பட்டியை இன்னும் நெருக்கமாகத் திரும்பத் திரும்ப ஒட்டுவது.

என் திகதிக்கு வழி சொன்னவர் சிஞ்ஞோரா. ரோமுக்குப் பெட்டி கட்டிக்கொண்டே தம்பியைத் திட்டினார். பட்டறைக்கு ஆள் எடுக்கத்தானே கணக்காளர் வேண்டும், உன் வீட்டுக்கு ஆள் வைக்க யார் வேண்டும், அந்த வீட்டை நீ போய்ப் பார்த்திருக்கிறாயா என்று கேட்டார். அதில்தான் இருக்கிறேன் என்றார் ஜியோமெத்ரா. அதுதான் கேட்கிறேன் என்றார் சிஞ்ஞோரா. இப்படி நான் ஜியோமெத்ராவின் வீட்டு வேலையாளாக ஒப்பந்தம் எழுதிக்கொண்டு குவெஸ்தூராவுக்குப் போனேன். எழுதினால் அது உண்மையாக இருக்கவேண்டும் என்று நான் ஒரு நிபந்தனை போட்டேன். அதனால் காலைகளில் மேல்மாடியைத் துப்புரவாக்கினேன். ஊருக்கே வழிகாட்டியவரின் வீட்டில் ஒரு சப்பாத்தின் சோடியைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாதம் சென்றது.

இரண்டாவது பரீட்சையைத் துப்புரவுக்காரர் இல்லாத நேரத்தில் வைக்கவேண்டும். பேசவேண்டாம் என்று மரியதாஸ் அண்ணையிடம் கேட்டுப் பார்த்தேன். ஒத்திகையில் அவர் வாயே திறக்கவில்லை, தும்புத்தடியால் காட்டினார். ஆகவே ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை நேரம்தான் பொருத்தம் என்று முடிவுசெய்தேன். அந்த நேரம் எங்கள் சனம் எல்லாம் கோயிலில். நடப்பதற்கு மாதாம் வீராபென் தன் தோழிமாரைக் கூட்டிவந்தார். அவர்கள் இந்துக்கள், தவறவிட அவர்களுக்கு ஞாயிறு பூசை இல்லை. அவர்கள் ஒவ்வொருவராக நீலம் நான்குக்கு வந்தார்கள். திரும்ப நடந்தபோது புள்ளிகள் விழுந்தன, சந்தோசமாகக் குனிந்து வைத்தேன். படிக்கட்டில் மட்டும் ஒன்றும் விழவில்லை.

எல்லோரும் முடிந்தபின், அழையாமலே பிலோமினா அக்கா வந்து நின்றார். பூசையின் பாதியில் எழுந்து வந்திருக்கிறார். தன்னைப் பற்றிப் பங்கில் கதை கட்டிவிட்டார்கள், தான் ஏமாற்றினவள் இல்லை, இப்போது தனியாகப் போய்க் காட்டுவேன் என்றார். துண்டைக் கொடுத்தேன். நீலம் நான்கின் வாசலில் போய்க் காத்திருந்தேன். மற்ற எல்லோரையும்விட ஆறுதலாக, மெல்ல வந்தார். முகம் வாடியிருந்தது.

"வழி பிழைச்சதோ அக்கா?"

"இல்லை, பலகை எல்லாம் சரியாத்தான் சொல்லுது," என்றார். "ஆனா பிள்ளை, வழியிலை கதைக்க ஒரு சனமும் இல்லை. இப்பிடி ஒரு ஆஸ்பத்திரிக்கு ஆர் வருவினம்?"

இதை நான் ஜியோமெத்ராவுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

குழு ஒரு வேலைநாளில் வந்தது. மரியதாஸ் அண்ணையும் அவருடைய ஆட்களும், வழி காட்டமாட்டோம் என்று எனக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினார்கள். குழு கடந்துபோன ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு துப்புரவுத் தொழிலாளி சுவரைப் பார்த்துத் திரும்பி அசையாமல் நின்றார். இது என்ன ஒழுக்கம் என்று குழுவில் ஒரு டாக்டர் வியந்து ஜியோமெத்ராவிடம் கேட்டதாகவும், அது கிழக்கத்திய மரியாதை என்று இவர் சொன்னதாகவும் கேள்வி. கையெழுத்து விழுந்தது.

பட்டறை ஒப்பந்தமும் வந்தது. ஆனால் பெர்மெசோவில் வீட்டு வேலை என்று ஏறிவிட்டது. அடுத்த புதுப்பித்தல் வரை அது அப்படியே இருந்தது. அந்தக் காலம் முழுவதும் அந்த மருத்துவமனைக்கும் பிறகு வந்த பள்ளிகளுக்கும் கந்தோர்களுக்கும் வழிகாட்டிகளை வரைந்தவர், அரசாங்கக் கணக்கில், ஒரு வீட்டு வேலைக்காரி. ஜியோமெத்ரா இதை வாடிக்கையாளர்களிடம் பெருமையாகச் சொல்லுவார். சொல்லவேண்டாம் என்று நான் சொன்னால் இன்னும் சத்தமாகச் சொல்லுவார்.

அடுத்த முறை குவெஸ்தூராவுக்குப் போனபோது படவரைஞர் ஒப்பந்தம் கையில் இருந்தது. யன்னலுக்குப் பின்னால் இருந்த அலுவலர் அதை வாசித்துவிட்டு, பழைய தாளையும் பார்த்தார். வீட்டு வேலையிலிருந்து இங்கே எப்படி என்று அவர் கேட்கவில்லை. என்ன வரைகிறீர்கள் என்று மட்டும் கேட்டார்.

அம்புக்குறி என்றேன்.

நான் பகிடி விடுகிறேனோ என்று நிமிர்ந்து பார்த்தார். நான் சிரிக்கவில்லை. முத்திரையைக் குத்தி, தாளை என் பக்கம் தள்ளினார்.